படிக்கக் கேட்டு

ஜூன் 9, ஞாயிறு

மூத்த பேரன் சங்கரநயினார் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். யாருடைய சிபாரிசும் இல்லாமல் பரீட்சை எழுதிப் போனவன். அவன் தங்கை ஆவுடைச்செல்வி மதுரையில் நர்சிங் மூன்றாம் வருடம். ஊசியைக் கையில் எடுத்தால் நடுங்காத பிள்ளை என்று அவளுடைய மேடமே சொல்லியிருக்கிறார். மகள் வழிப் பேரன் கோமதிநாயகம் பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்று எழுபத்தொன்று, கணக்கில் நூறு. அவன் தங்கை தங்கமலர் ஆறாம் வகுப்பு, மாவட்ட அளவில் ஓவியத்தில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா டிராயிங் மாஸ்டர் என்பதையும் இதில் எழுதி வைக்கிறேன்.

இவ்வளவையும் இன்று சங்கரநயினாரின் நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மருமகள் ராஜகனி என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அத்தை, தாம்பூலம் மாத்தணும், போதும்" என்றாள். என் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது.

பெண் நல்ல நிறம், நல்ல குணம். ஆவணியில் கல்யாணம்.

சாப்பிடும்போது பெண்ணின் தாய்மாமன் என் பக்கத்து இலை. "ஆச்சி, நீங்கதான அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா? கல்யாணச் சமையலை மட்டும் நீங்க எட்டிப் பாக்காண்டாம். பல்லி கில்லி விழுந்துரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சங்கரநயினார் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாயசம் வேண்டாம் என்றுவிட்டேன். வயிறு நிறைந்திருந்தது.

ஜூன் 10, திங்கள்

பல்லி விஷயத்தை ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

இருபத்தெட்டு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் சமையலர். மாடத்தி எனக்கு உதவியாளர், என்னைவிட ஆறு வயது இளையவள். தினமும் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு டீச்சர் வந்து ருசி பார்த்து, ருசிப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பதிவேட்டில் 'நன்று' என்பதற்குக் குறைந்து ஒரு நாளும் வந்ததில்லை. 'மிக நன்று' அடிக்கடி.

2003 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாம்பார் சாதம் சாப்பிட்ட பிள்ளைகளில் பதினோரு பேர் வாந்தி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் பதினோரு பேரும் நடந்தே வீடு திரும்பினார்கள். அதில் ஒருவன் இப்போது மினிபஸ் கண்டக்டர், என்னைக் கண்டால் எழுந்து சீட் கொடுக்கிறான். சாம்பாரில் பல்லி கிடந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. பல்லியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆபீசர் வந்து ஐந்தாம் வகுப்பறையில் உட்கார்ந்து எங்களைத் தனித்தனியாக விசாரித்தார். ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. எனக்கு எச்சரிக்கை. மாடத்திக்கு வேலை நீக்கம்.

நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அவள் பாத்திரம் கழுவினாள், தண்ணீர் பிடித்தாள், நான் சமைத்தேன், மூடி வைத்தேன் என்றுதான் சொன்னேன். உத்தரவு வந்த பத்தாம் நாள் அவள் பள்ளிக்கூட வாசலில் நின்று, "படிச்சவ நீ. நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. என் வேலை நிலைத்து அவள் வேலை போன பொறாமை. போகட்டும். இருபத்தோரு வருடத்தில் நான் அதை நினைத்ததுகூட இல்லை. இப்போது புளியங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். முதல் பஸ் ஆறரைக்கு.

என் கவலை வேறு. நான் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் என் பேரன் இலையைப் பார்த்துக் குனிய வேண்டியிருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

ஆவுடையின் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று வாங்க ராஜகனியோடு தாலுகா ஆபீஸ் போனேன். அவள் வரிசையில் நின்றாள், நான் பெஞ்சில். எதிரே சுவரில் ஒரு நீலப் பலகை. சும்மா உட்கார்ந்திருந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பது என் பழக்கம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் நன்றாகப் படித்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுத் தகவல் அலுவலர் இன்னார், மேல்முறையீட்டு அலுவலர் இன்னார், பதில் முப்பது நாளுக்குள் என்று போட்டிருந்தது.

வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் விசாரித்தேன்.

"கவர்மெண்டு கோப்புல என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் கேக்கலாம் ஆச்சி. எதுக்குன்னு சொல்லவே வேண்டாம். வெள்ளைத் தாள்ல எழுதி, பத்து ரூவா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டணும். உங்களுக்கு எழுதணுமா?"

"எனக்கு எழுதத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லது. எனக்கு ஒரு கிராக்கி போச்சு."

ஜூன் 15, சனி

மூன்று தாள் வீணாகி நாலாவது சரியாக வந்தது. 2003 ஆகஸ்டு சத்துணவு விசாரணைக் கோப்பு முழுவதையும் நான் நேரில் பார்க்க வேண்டும், நகல் வேண்டும் என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை. உள்ள காரணம் இதுதான்: என்மேல் குற்றம் இல்லை என்று அதில் எங்காவது இருக்கும். அந்தப் பக்கத்தைச் சம்பந்தி வீட்டுக்கு ஒரு நகல் கொடுப்பேன்.

ராஜகனிக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணத்தை வச்சிக்கிட்டு ஆபீஸ்காரங்களைச் சொறியணுமா அத்தை?"

"கேக்கத்தான செய்யுதேன். சண்டைக்கா போறேன்?"

"நீங்க கேட்டாலே சண்டை மாதிரிதான் இருக்கும்."

ஒன்றிய அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டேன்.

ஜூன் 19, புதன்

அப்பளம் காயப் போட்டேன். காகம் இரண்டைக் கொண்டுபோயிற்று.

ஜூன் 22, சனி

ஒப்புகை அட்டை வந்தது. யாரோ கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருக்கிறார்கள். அட்டையை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

பத்திரிகை அச்சாகி வந்தது. என் பெயரை 'உலகம்மாள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஓய்வு பெற்ற சத்துணவுப் பணியாளர் என்று கீழே. அது வேண்டாமே என்று சங்கரநயினாரிடம் சொன்னேன். "ஏன் ஆச்சி, பொய்யா?" என்றான். நல்ல பிள்ளை.

யாருக்கெல்லாம் பத்திரிகை என்று பட்டியல் எழுதினேன். நூற்றுப் பதினாறு வந்தது. ஒரு பெயரை எழுதி அடித்தேன். நூற்றுப் பதினைந்து.

ஜூலை 5, வெள்ளி

தபால் இல்லை. எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். புளியங்குடி எலுமிச்சைதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கினேன். சாறு அதிகம், அதற்காகத்தான்.

ஜூலை 11, வியாழன்

பதில் வந்துவிட்டது. பழுப்பு உறை, என் பெயர் தட்டச்சில். 'தாங்கள் கோரிய கோப்பினை 15.07 அன்று முற்பகல் 11 மணிக்கு நேரில் பார்வையிடலாம்.' மூன்று தடவை படித்துவிட்டு ராஜகனிக்கும் ஒரு தடவை படித்துக் காட்டினேன். 'தாங்கள்' என்று போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 15, திங்கள்

கோப்பைப் பார்த்தேன். வரும் வழியில் வாங்க வேண்டிய மல்லிப்பொடி மறந்துபோயிற்று.

ஜூலை 16, செவ்வாய்

வெயில் அதிகம். தலையணை உறையெல்லாம் துவைத்தேன்.

நேற்று ஆபீசில் கோப்பை எடுத்துக் கொடுத்த அம்மாள் பெயர் ஜெபக்கனி. நல்ல மாதிரி. சிவப்பு நாடாவை அவிழ்த்ததும் தூசி எழும்பி இரண்டு பேரும் தும்மினோம்.

"ஆச்சி, இது எப்பவோ அழிச்சிருக்க வேண்டிய கோப்பு. அழிக்கதுக்கு ஆளு இல்லாததால உசிரோட கெடக்கு."

"பதினாலு பக்கந்தானா?"

"நீங்க என்ன, ராமாயணம் மாதிரி இருக்கும்னு நெனச்சீங்களா?"

விரலை வைத்துப் படித்தேன். கைப்படச் சேர்த்து எழுதியது, லேசில் பிடிபடாத எழுத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஜெபக்கனி நடுவில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். ஆறிவிட்டது.

"எல்லாத்துக்கும் நகல் வேணுமா, இல்ல வேணுங்கற பக்கம் மட்டுமா?" என்று கேட்டாள். எல்லாம் என்றேன்.

ஜூலை 17, புதன்

சாப்பாடு பிடிக்கவில்லை. பித்தமாக இருக்கும். சீரகத் தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 18, வியாழன்

எழுதாமல் இருந்தால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை.

பக்கம் பதின்மூன்று, அரசு ஆய்வுக்கூடத்தின் அறிக்கை. அன்று எடுத்துப் போன சாம்பாரில் குறை இல்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில்தான் கழிவுநீர் கலந்திருக்கிறது. பிள்ளைகள் குடித்த தண்ணீரால் வந்த வாந்தி. அறிக்கை வந்த தேதி, மாடத்தியை நீக்கிய உத்தரவுக்கு ஏழு வாரம் பிந்தி. ஓரத்தில் பச்சை மையில் 'பார்த்தேன். கோப்பில் சேர்க்க' என்று இருக்கிறது. சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

நான் தேடிப் போன பக்கம் இதுதான். என் சாம்பாரில் குறை இல்லை. இதை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

பக்கம் நான்கு, என் வாக்குமூலம். ஆபீசர் எழுதியது. 'சமையல் உதவியாளர் மாடத்தி பாத்திரங்களைச் சரிவரக் கழுவுவதில்லை. அன்றும் கழுவவில்லை. நான் பலமுறை கண்டித்தும் அவர் திருந்தவில்லை.' நான் சொல்லாத மூன்று வரி. அதற்குக் கீழே, 'படித்துப் பார்த்து, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.' அதற்குக் கீழே என் கையெழுத்து. வேறு யாருடையதோ என்று சொல்லவும் முடியாது. உ-வை நான் போடுகிற மாதிரி யாரும் போடமாட்டார்கள்.

அன்றைக்கு ஆபீசர் கேட்டார், "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று. "தெரியும் சார், அஞ்சாவது" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். "அப்ப படிச்சிட்டுப் போடுங்க" என்று தாளைத் திருப்பி வைத்தார். ஹெட்மாஸ்டரும் இரண்டு டீச்சர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டெழுத்தை அவர்கள் முன்னால் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. படிக்கிற மாதிரி கண்ணை மேலும் கீழும் ஓட்டினேன். போட்டுவிட்டேன்.

பக்கம் ஆறு, மாடத்தியுடையது. அவளுக்கு எழுத்தே தெரியாது. எழுத்துத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அவள் வாக்குமூலத்தில் ஐந்தாவது வரி அடித்திருக்கிறது. அடித்தாலும் படிக்க முடிகிறது. 'சமையலர் உலகம்மாள் அண்டாவை மூடி வைக்கும் வழக்கம் இல்லாதவர்.' அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு கைரேகை. பக்கத்தின் அடியில், 'படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு' என்று எழுதி இன்னொரு கைரேகை.

வெளியே வராந்தாவில் நின்ற எனக்கு அன்றைக்கு அவள் குரல் கேட்டது. "அப்படி நான் சொல்லலியே ஐயா. அத அடிங்க." ஆபீசரிடம் வாயாடுகிறாளே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கம் எட்டு, உத்தரவு. 'சமையலர் உலகம்மாளின் வாக்குமூலத்தின் அடிப்படையில்' என்று தொடங்குகிறது. அந்தக் காகிதத்தை யாரிடமாவது கொடுத்து அவள் படிக்கக் கேட்டிருப்பாள்.

ஜூலை 21, ஞாயிறு

மண்டபம் பார்க்கப் பெண்ணின் தாய்மாமன் வந்தார். காபி கொடுத்தேன். "அன்னைக்குப் பல்லின்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தேன்.

"நான் எப்ப ஆச்சி பல்லின்னு சொன்னேன்?"

"நிச்சயத்தன்னைக்கு. இலையில உக்காந்து."

"சொன்னேனா? அட, நான் ஒரு ஓட்டைவாய் ஆச்சி, பேசுனது எனக்கே ஞாபகம் இருக்காது. மனசுல வச்சிக்கிடாதீங்க. காபி அருமையா இருக்கு."

பதின்மூன்றாம் பக்கம் கையில்தான் இருந்தது. டம்ளருக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 26, வெள்ளி

ராஜகனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பதின்மூணாம் பக்கத்தை மட்டும் மாடத்திக்குத் தபாலில் அனுப்பி வைங்க அத்தை. மத்தது எதுக்கு?" என்றாள். இரண்டு நாளாக நானும் அதைத்தான் யோசித்தேன். அனுப்பினால் மாடத்திக்கு நல்ல சேதி, எனக்கும் நல்ல பெயர். நாலாம் பக்கம் அரிசி டின்னோடு போய்விடும்.

ஆனால் அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு

ஆறரை பஸ். புளியங்குடியில் இறங்கி விசாரித்துப் போய்ச் சேர எட்டேகால்.

மாடத்தி முற்றத்தில் சாக்கு விரித்து எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகன் எலுமிச்சை மண்டியில் வேலை பார்க்கிறாராம். பெரியது ஒரு கூடை, சிறியது ஒரு கூடை, அழுகல் ஒரு பக்கம். முடி முழுக்க நரைத்துவிட்டது. கை மட்டும் அதே வேகம்.

என்னைப் பார்த்து, "வாங்க" என்றாள். அவள் என்னை ஒரு நாளும் 'வாங்க' என்றதில்லை.

"நான்தாம்ட்டி, உலகு."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. உக்காருங்க."

அவள் மகள் செல்லக்கனி தண்ணீர் கொண்டுவந்தாள். மருமகன் உள்ளே டிவி முன்னால் இருந்தார். நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

"பேரன் கல்யாணப் பத்திரிகையா?"

"இல்ல. கோப்பு. அந்த விசாரணைக் கோப்பு. மனுப் போட்டு வாங்கினேன்."

அவள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "எனக்கு எதுக்கு? அதுல நீங்க சொன்னது எனக்கு மனப்பாடம். உத்தரவு வந்த ஒம்பதாம் நாளு டவுன்ல ஒரு வக்கீல் குமாஸ்தா படிச்சிக் காட்டினான்."

"நான் அப்படிச் சொல்லல மாடத்தி."

"சொல்லாமயா கையெழுத்து இருக்கு?"

"படிக்காமப் போட்டுட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "உனக்குப் படிக்கத் தெரியுமே" என்றாள். 'நீ' என்று அவள் சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, நின்று நின்று படித்தேன். டிவி சத்தம் குறைந்தது. மருமகன் நிலைப்படியில் வந்து நின்றார். நாலாம் பக்கம் வந்தது. அந்த மூன்று வரியையும் விடாமல் சத்தமாகப் படித்தேன். 'படித்துப் பார்த்து' என்பதையும் படித்தேன்.

மாடத்தி நடுவில் கையைக் காட்டி நிறுத்தினாள். "இரு. நீ இப்படித்தான் படிப்பியா?"

"எப்படி?"

"கோழி தீனி பொறுக்குத மாதிரி. இதுக்கா யக்கா அவ்வளவு பெருமை? நீ வக்கீல் மாதிரி படிப்பியாக்கும்னுல்லா நெனச்சேன். பதினேழு வருசமா பக்கத்துல நின்னு வேலை பார்த்திருக்கேன், ஒரு தாளைக்கூட நீ படிச்சி நான் கேட்டதில்ல."

"அதாம்ட்டி. அதாலதான்."

அவள் ஒரு பழத்தைப் பெரிய கூடையில் போட்டாள், பிறகு எடுத்துச் சிறியதில் போட்டாள். "மேல படி" என்றாள்.

அவளுடைய பக்கத்தைப் படித்தேன், அடித்த வரியையும் சேர்த்து. "ஆமா, நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றாள். "அண்டாவை மூடாட்டா நீ என் தலையிலல்லா கரண்டியால போடுவே. அதைப் போயி வழக்கம் இல்லாதவராம்."

பதினோராம் பக்கத்தில் ஒரு போட்டோ. விசாரணையன்று எங்களை அடுப்புக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தது. கோப்பிலேயே கருத்துப்போனது, நகலில் வெறும் கருப்பு. "இது என்ன, கரிக்கட்டையா?" என்றாள். "நாமதான்" என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

பதின்மூன்றாம் பக்கம் படிக்கும்போது அவள் பழத்தைத் தொடவில்லை. தண்ணீர்த் தொட்டி என்ற இடத்தை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை, "அவருக்குக் கேக்குத மாதிரி படி" என்று நிலைப்படியைக் கண்ணால் காட்டினாள்.

பிறகுதான் செல்லக்கனி சொல்லி எனக்குத் தெரிந்தது. இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருடத்தில் மாடத்தி அடுப்புப் பக்கம் போனதில்லை. மருமகனுடைய அம்மா இருந்த காலத்தில் சொன்னது, பிள்ளைகளுக்கு ஆகாமல் சமைத்து வேலை போனவள் என்று. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் அது அப்படியே நின்றுவிட்டது. யாரும் போகாதே என்று சொல்வதில்லை. இவளும் போவதில்லை.

மருமகன் அந்தத் தாளை வாங்கி முத்திரையைப் பார்த்தார். தானே ஒரு தடவை படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "பருப்பு வெந்திருக்கு. அத்தை தாளிக்கட்டும்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் பெருங்காயமும் முருங்கைக்காயும் இருந்தன.

மாடத்தி கை கழுவ வெகு நேரம் ஆயிற்று. மணிக்கட்டு வரை தேய்த்தாள், முழங்கை வரை தேய்த்தாள். தாளிக்கும்போது பக்கத்தில் நின்றேன். கடுகு வெடித்ததும் அவள் தோள் இறங்கியது. இறக்கி வைத்து, தட்டால் மூடி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூடிட்டேன். பாத்துக்கிடு. பொறவு எதுலயாவது கையெழுத்துப் போட்டுராத."

உப்பு ஒரு கல் கூடிவிட்டது. நான் சொல்லவில்லை. மருமகன் இரண்டு தடவை சாம்பார் வாங்கினார். மாடத்தி எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற வரை உட்காரவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், "இன்னும் கோவமா?"

"இருக்கு. நாளாகும். நீ வந்து போயி இரு" என்றாள்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் கிடைத்தது. ஜன்னல் சீட். ஒரு பை எலுமிச்சம்பழம்.

ஜூலை 29, திங்கள்

பத்திரிகைப் பட்டியல் நூற்றுப் பதினாறு.

ஆகஸ்டு 5, திங்கள்

ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தேன். '2003-இல் என் பெயரில் உள்ள வாக்குமூலத்தை நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். மாடத்தியைப் பற்றி அதில் உள்ளது நான் சொன்னதல்ல. ஆய்வறிக்கையின்படி அவர்மேல் குற்றம் இல்லை. உத்தரவைத் திருத்தி அவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும். இந்தக் கடிதத்தை நாலாம் பக்கத்துக்கு அடுத்துச் சேர்க்கவும்.'

ஜெபக்கனி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"படிக்காமப் போட்டேன்னு எழுதியிருக்கீங்களே ஆச்சி. உங்க கையாலயே உங்களைக் கொறச்சி எழுதணுமா?"

"உள்ளதுதான?"

"உத்தரவைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. மேல அனுப்புதேன். எத்தனை நாளாகும்னு சொல்ல முடியாது."

"முப்பது நாள்ல பதில் வராட்டா மனுப் போடுவேன்."

"போடுவீங்க, தெரியும்" என்று சிரித்துக்கொண்டே ரசீது கொடுத்தாள். முத்திரை தெளிவாக விழவில்லை. இன்னொரு தடவை குத்தச் சொன்னேன்.

ஆகஸ்டு 11, ஞாயிறு

வடகத்துக்கும் பலகாரத்துக்கும் கை வேண்டியிருந்தது. மாடத்தி காலையிலேயே வந்துவிட்டாள். என் மாவில் தண்ணீர் கூடுதல் என்றாள். இல்லை என்றேன். அவள் சொன்னதுதான் சரி. அதிரசம் வெந்ததும் முதலில் ராஜகனி ருசி பார்த்தாள். "மிக நன்று, கையெழுத்து எங்க போடணும் அத்தை?" என்றாள்.

லீவில் வந்திருந்த ஆவுடை எங்கள் இரண்டு பேரையும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லித் தன் போனில் ஒரு படம் எடுத்தாள். மாடத்தி கரண்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். சாயங்கால பஸ்ஸில் ஆவுடை மதுரைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்டு 14, புதன்

இன்று ஆவுடைக்கு எழுதிய கடிதம். தபாலில் போடுமுன் இதிலும் எழுதி வைக்கிறேன்.

'அன்புள்ள ஆவுடைக்கு ஆச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் பரீட்சை நல்லபடியாக முடிந்திருக்கும். நீ முதலாவதாக வருவாய் என்று மாடத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என்னைக் கொஞ்சம் அடக்கிப் பேசச் சொல்கிறாள்.

உன் அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் போனில் இருப்பதை நான் ஒரு இடத்தில் வைக்க முடியாது, அவளுக்கோ போனே கிடையாது. ஆகவே ஸ்டூடியோவில் கொடுத்து, முகம் கருக்காமல், பெரிதாக மூன்று படம் போட்டு வாங்கு. ஒன்று எனக்கு. ஒன்று புளியங்குடிக்கு. மூன்றாவதை நான் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, அந்தக் கருப்புப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லப்போகிறேன். ஒட்டமாட்டேன் என்றால், எந்தச் சட்டத்தில் ஒட்டக்கூடாது என்று இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்பேன்.

பின்பக்கம் இரண்டு பேர் பெயரையும் தேதியையும் நீயே எழுதிவிடு. அவள் பெயர் முதலில். மடங்காமல் அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பு.'